டேபிள்டாப் ஆர்பிஜி சந்தை: ஒருவர் வாங்க, ஐவர் ஆட – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் ரோல்-பிளேயிங் கேம், ஆடுபவர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்க மறுக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தால் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவைச் சுற்றியே இருக்கும். இந்தச் சந்தை பிறந்தது அங்கேதான், பெரிய பணம் புரள்வதும் இன்னும் அங்கேதான்.

இந்த விளையாட்டில் வாங்குவதற்கு அப்படி என்ன இருக்கிறது?

கறாராகச் சொன்னால் ஒரு விதிநூலும் சில பகடைகளும் போதும். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவர்தான் கேம் மாஸ்டர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆட்டத்தில் அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். நினைத்த காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய டி அண்ட் டியை 1974இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்டது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர். முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்தான். இன்று அந்தப் பெட்டியின் இடத்தில் ஒரு அலமாரியே நிற்கிறது: விதிநூல்கள், சாகச நூல்கள், அரக்கர் தொகுப்புகள், மினியேச்சர் பொம்மைகள், வரைபடங்கள், பிடிஎஃப்கள், மாதச் சந்தாக்கள். இவற்றில் முக்கால்வாசி இல்லாமலேயே ஆடலாம். இந்தச் சந்தையின் பாதி விசித்திரம் இதனால் வருவதுதான்.

சந்தை எவ்வளவு பெரியது?

கேட்கும்போது பெரிதாகத் தோன்றும், பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிறியது. அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து ஆண்டு விற்பனை எவ்வளவு என்று ஐசிவி2 என்ற வணிக இதழ் தோராயமாகக் கணித்துவந்தது. 2013இல் 1.5 கோடி டாலர். 2018இல் 6.5 கோடி. கொரோனா வந்த 2020இல் 10.5 கோடி. ஏழே ஆண்டில் ஏழு மடங்கு என்றால் எந்த வியாபாரிக்கும் வாயூறும்.

ஆனால் வேறொரு சரக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டி அண்ட் டியை இன்று வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம்தான் மேஜிக் சீட்டாட்டத்தையும் நடத்துகிறது. தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் கணக்குப்படி 2022இல் மேஜிக் மட்டுமே 100 கோடி டாலரைத் தாண்டியது. சீட்டாட்டக்காரர் ஒவ்வொருவரும் தனக்கென்று சீட்டு வாங்கியாக வேண்டும், புதுத் தொகுப்பு வந்தால் மறுபடியும் வாங்க வேண்டும். ஆர்பிஜியில் அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டலாம், யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

ஒரு மேசையில் ஐந்து பேர் என்றால், காசு கொடுப்பது யார்?

நடத்துபவர். இதை ஆடியவர்கள் எல்லோருக்கும் தெரியும். முதலீட்டாளர்களுக்கு முன்னால் அதை வெளிப்படையாகச் சொன்னவர் அப்போது விசார்ட்ஸின் தலைவராக இருந்த சிந்தியா வில்லியம்ஸ். 2022 டிசம்பரில் நடந்த ஒரு கூட்டத்தில், டன்ஜன் மாஸ்டர்கள் மொத்த ஆட்டக்காரர்களில் 20 சதவீதம்தான், ஆனால் காசு செலவழிப்பவர்களில் பெரும்பங்கு அவர்கள்தான் என்றார். டி அண்ட் டியிலிருந்து எடுக்கவேண்டிய அளவுக்குப் பணம் எடுக்கப்படவில்லை என்ற பொருளில் அதே கூட்டத்தில் அவர் பேசியது ரசிகர்களைக் கொதிக்க வைத்தது.

கொதித்தது சரி. ஆனால் அந்தக் கணக்கில் பிழை இல்லை. டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அடிப்படை நூல்கள், ஒவ்வொன்றும் 50 டாலர். அவற்றில் ஆட்டக்காரருக்கானது ஒன்றே ஒன்று. அரக்கர் நூலும் டன்ஜன் மாஸ்டர் கையேடும் நடத்துபவருக்குத்தான். சாகச நூலை மற்றவர்கள் வாங்கவே கூடாது, வாங்கிப் படித்துவிட்டால் கதை கெட்டுவிடும். அதாவது அச்சிடும் சரக்கில் பெரும்பகுதியை ஐந்தில் ஒருவருக்குத்தான் விற்க முடியும். மீதி நான்கு பேர் அந்த ஒருவருடைய புத்தகத்தை மேசையின் குறுக்கே கைமாற்றிப் படிப்பார்கள். சிப்ஸ் எண்ணெய்க் கறையும் அதில்தான் விழும்.

அந்த நான்கு பேரிடமிருந்தும் காசு வாங்க நிறுவனங்கள் என்னதான் செய்தன?

எல்லாம் செய்து பார்த்தார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு வீரர்களுக்கு ஒரு நூல், மந்திரவாதிகளுக்கு ஒரு நூல் என்று வகைவகையாக அடித்துத் தள்ளியது. கொஞ்ச காலம் விற்றது, பிறகு அலுத்துவிட்டது.

அடுத்தது டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையச் சேவை. 2017இல் வேறொரு நிறுவனம் தொடங்கியது. 2022இல் ஹாஸ்ப்ரோ அதை ஏறத்தாழ 14.6 கோடி டாலருக்கு வாங்கியது. கதாபாத்திரத்தை உருவாக்க, கணக்குப் பார்க்க, புத்தகங்களைத் திரையில் படிக்க நல்ல வசதி. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் கணக்குத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் வாங்குவார்கள் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது என்ன? அதன் மேல்நிலைச் சந்தாவை எடுத்த ஒருவர் தான் வாங்கிய நூல்களைத் தன் குழு முழுவதற்கும் திறந்துவிடலாம். அந்த ஒருவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நூலிலிருந்து தேவையான பகுதியை மட்டும் இரண்டு மூன்று டாலருக்கு வாங்கும் வசதியும் அங்கே இருந்தது. ஒரு ஆட்டக்காரர் உண்மையிலேயே காசு கொடுக்கக்கூடிய அளவு அது. 2024இல் அதை எடுத்துவிட்டார்கள், முழுநூலாக வாங்கு அல்லது விடு என்று. எனக்கு இன்றுவரை புரியாத முடிவு. முப்பரிமாண மேசை என்று பெரிதாகக் காட்டிய சிஜில் என்ற மென்பொருளும் 2025இல் வந்தது. வந்த ஒரு மாதத்துக்குள் அதை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் வேலையிழந்தார்கள்.

இணையம் வழியாக ஆட உதவும் மற்ற மென்பொருள்களிலும் இதே கதைதான். ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாக 2012இல் வந்த ரோல்20இல் ஆட்டக்காரர்கள் சும்மா சேரலாம், கூடுதல் வசதி வேண்டுமென்றால் நடத்துபவர் சந்தா கட்டுவார். 2020இல் வந்த ஃபவுண்ட்ரிக்கு ஒருமுறை 50 டாலர். அதுவும் நடத்துபவருக்கு மட்டும்.

நான்கு பேரும் பாக்கெட்டில் கையை விடும் ஓர் இடம் கூலிக்கு நடத்தும் கேம் மாஸ்டர்கள். ஸ்டார்ட்பிளேயிங் போன்ற தளங்களில் ஓர் அமர்வுக்குத் தலைக்கு 10, 20 டாலர் கொடுத்து ஆடுகிறார்கள். அந்தப் பணம் புத்தக நிறுவனத்துக்குப் போவதில்லை. புத்தகம் வாங்கிய அந்த ஐந்தாவது ஆளுக்கே கொஞ்சம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

பகடையை மட்டும் எல்லோரும் வாங்குகிறார்களே?

ஆமாம், ஆட்டக்காரர் தன் காசில் வாங்கும் ஒரே பொருள் அநேகமாக அதுதான். நான்கு முகம் முதல் இருபது முகம் வரை ஏழு பகடைகள் கொண்ட ஒரு செட் சில டாலருக்கே கிடைக்கும். அங்கிருந்து ரெசின், உலோகம், இரத்தினக்கல் என்று விலை ஏறும். கூர்முனை ரெசின் பகடைகளைக் கையால் வார்த்து, ஒவ்வொரு முகமாகத் தேய்த்து மெருகேற்றி விற்கும் சிறு கைவினைஞர்களின் கூட்டமே இருக்கிறது. ஒரு செட்டுக்கு நூறு டாலர் கொடுத்தவர் அதே மேசையில் விதிநூலை இரவல் வாங்கிப் படிப்பதைப் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் இதுவே தட்டுப்பாடான பொருள். பள்ளிகளுக்குப் பொருள் விற்கும் பட்டியல்களில் தேடித்தான் கைகாக்ஸ் இந்தப் பகடைகளைக் கண்டுபிடித்தார். 1979 வாக்கில் தட்டுப்பாடு முற்றி, தொடக்கநிலைப் பெட்டிகளில் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். வெட்டி, ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்கியதையெல்லாம் ஆடுகிறார்களா?

இல்லை. வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆட ஐந்து பேரின் ஓய்வு நேரம் ஒரே நாளில் ஒத்துவர வேண்டும். வாங்க ஒரு சொடுக்கு போதும். ஆர்பிஜி நூல்களில் நல்ல பங்கு படிப்பதற்காகவே வாங்கப்படுகிறது. ஒரு கற்பனை நகரத்தின் தெருக்கள், அங்கே யாருக்கு யாரோடு பகை, எந்தக் கோயிலில் என்ன புதைந்திருக்கிறது என்று படித்துக்கொண்டே போவது ஒரு தனிச் சுவை. பதிப்பாளர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் ஓவியங்களுக்கு அவ்வளவு செலவு. 2020இல் ஆங்கிலத்தில் வந்த சுவீடனின் மோர்க் போர்க் என்ற ஆட்டத்தின் விதிகளைச் சில பக்கங்களில் சொல்லிவிடலாம். மக்கள் வாங்கியது மஞ்சளும் கறுப்புமாகக் கத்தும் அதன் பக்கங்களுக்காக.

மொத்தக்கட்டு விற்பனை இந்தப் பழக்கத்தை இன்னும் ஊதிப் பெருக்கியது. 2013 முதல் நடக்கும் பண்டில் ஆஃப் ஹோல்டிங்கில் ஒரு தொடரின் பிடிஎஃப்கள் மொத்தமும் இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும். 2020 ஜூனில் இன வெறுப்புக்கு எதிராக, சிறு படைப்பாளிகள் தங்கள் ஆட்டங்களை விற்கும் இட்ச் தளம் ஒரு கட்டு போட்டது. குறைந்தபட்சம் 5 டாலர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள், அவற்றில் நூற்றுக்கணக்கில் சிறு ஆர்பிஜிக்கள். 80 லட்சம் டாலருக்கு மேல் திரண்டு தொண்டு அமைப்புகளுக்குப் போனது. நல்ல காரியம். ஆனால் எட்டு லட்சம் பேருக்கும் மேல் வாங்கிய அந்தக் கட்டில் இருக்கும் ஆட்டங்களின் பட்டியலைக்கூட முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

தனியாக ஆடும் ஆர்பிஜிக்கள் சமீப ஆண்டுகளில் வளர்ந்ததற்கும் இந்த நேரம் ஒத்துவராத சிக்கல்தான் பெரிய காரணம் என்பேன். 2018இல் வந்த அயர்ன்ஸ்வார்ன் கேம் மாஸ்டர் இல்லாமலே ஒருவர் ஆடும்படி எழுதப்பட்டது. அதன் பிடிஎஃப் இலவசம்.

புதிய பதிப்பு வந்தால் எல்லோரும் மாறிவிடுகிறார்களா?

பதிப்பு மாறும் ஆண்டில் அடிப்படை நூல்கள் பறக்கும், பிறகு விற்பனை ஒவ்வொரு ஆண்டாகச் சரியும், சரிவு தாங்காமல் அடுத்த பதிப்பு வரும். நீண்ட காலம் இதுதான் வாடிக்கை. மூன்றாம் பதிப்பு 2000இல். அதைத் திருத்திய 3.5 மூன்றே ஆண்டில். நான்காம் பதிப்பு 2008இல்.

மூன்றாம் பதிப்போடு வந்த திறந்த உரிமத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து, அதற்குப் பொருந்தும் நூல் போட்டு விற்கலாம் என்றார்கள். துணைநூல்களில் லாபம் குறைவு, அவற்றை மற்றவர்கள் எழுதட்டும், நாங்கள் அடிப்படை நூலை விற்றுக்கொள்கிறோம் என்பது கணக்கு. முதல் இரண்டு ஆண்டு கடைகளில் எதை வைத்தாலும் போனது. பிறகு அலமாரிகள் நிரம்பி வழிந்தன. 3.5 வந்ததும் பழைய விதிக்கு எழுதிய துணைநூல்கள் அப்படியே தேங்கின. கடைக்காரர்கள் கழிவு விலைக்குத் தள்ளினார்கள், பல சிறு பதிப்பகங்கள் காணாமல் போயின.

நான்காம் பதிப்பு பிடிக்காதவர்களுக்கு அந்த உரிமமே வழிவிட்டது. பைசோ என்ற நிறுவனம் 3.5 விதிகளைச் செப்பனிட்டு 2009இல் பாத்ஃபைண்டர் என்று வெளியிட்டது. கொஞ்ச காலத்திலேயே கடை விற்பனைப் பட்டியல்களில் டி அண்ட் டியையே முந்தியது. பழைய நூல்களை அலமாரியில் வைத்திருந்தவர்கள் அவை வீணாகாத பக்கம் போனார்கள். அவர்கள் மாறியதைவிட மாற மறுத்தார்கள் என்பதே சரி.

2014இன் ஐந்தாம் பதிப்பு இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வந்தது. அடிப்படை விதிகள் இலவச பிடிஎஃப்பாக, தொடக்கப் பெட்டி 20 டாலருக்கு, வருடத்துக்கு இரண்டு மூன்று நூல் மட்டும். வழக்கமான சரிவு வரவில்லை. விற்பனை பல ஆண்டு தொடர்ந்து ஏறியது. அதனால் 2024 செப்டம்பர் முதல் வந்த திருத்திய நூல்களுக்கு ஆறாம் பதிப்பு என்ற பெயர் வைக்க அவர்களுக்கே துணிவில்லை. பழைய சாகசங்களோடு பொருந்தும் என்று அழுத்திச் சொல்லித்தான் விற்றார்கள்.

2023இல் ஏதோ உரிமச் சண்டை நடந்ததே, அதனால் வாங்கும் பழக்கம் மாறியதா?

மாறியது. எவ்வளவு மாறியது என்பதில்தான் வாதம்.

மேலே சொன்ன திறந்த உரிமத்துக்குப் பதிலாக விசார்ட்ஸ் தயாரித்த புதிய உரிமத்தின் வரைவு 2023 ஜனவரி முதல் வாரத்தில் கசிந்தது. ஆண்டு வருமானம் ஏழரை லட்சம் டாலரைத் தாண்டும் பதிப்பகங்கள் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 சதவீதம் வரை கட்ட வேண்டும், பழைய உரிமம் இனிச் செல்லாது என்றெல்லாம் அதில் இருந்தது. இருபது ஆண்டுகளாக அதை நம்பிப் பிழைத்த பதிப்பகங்கள் கொதித்தன. ரசிகர்கள் தங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்கள்: டி அண்ட் டி பியாண்ட் சந்தாவைக் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள். ரத்து செய்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சந்தா கட்டுவதே நடத்துபவர்கள்தான். அவர் போனால் மேசையோடு போகும். ஜனவரி 27ஆம் தேதி நிறுவனம் இறங்கி வந்தது. பழைய உரிமத்தைத் தொடுவதில்லை என்றதோடு, அடிப்படை விதிகளை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்த இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நிரந்தரமாகத் திறந்துவிட்டது.

அந்தச் சில வாரங்களில் போட்டியாளர்களுக்கு யோகம். எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த பாத்ஃபைண்டர் நூல்கள் இரண்டே வாரத்தில் தீர்ந்ததாகப் பைசோ அறிவித்தது. மார்ச்சில் ஷேடோடார்க் என்ற ஒரு புதிய ஆட்டம் கிக்ஸ்டார்ட்டரில் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. டி அண்ட் டிக்கே துணைநூல் எழுதிப் பெயரெடுத்த எம்சிடிஎம் என்ற பதிப்பகம் தன் சொந்த ஆட்டத்துக்கு 2023 டிசம்பரில் 46 லட்சம் டாலர் அளவுக்குத் திரட்டியது. டி அண்ட் டி சாய்ந்துவிடவில்லை. டி அண்ட் டி உலகத்தில் நடக்கும், ஆகஸ்டில் வெளியான பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம் அந்தப் பெயரை முன்பைவிட அதிகமான பேர் காதில் போட்டது. ஆனால் இரண்டாவதாக ஒரு விதிநூல் வீட்டில் இருக்கட்டும் என்ற எண்ணம் பலருக்கு அந்த ஜனவரியில்தான் வந்தது.

தொடர்களும் யூடியூபும் உண்மையிலேயே விற்பனையைக் கூட்டுகின்றனவா?

கூட்டுகின்றன, ஆனால் நேர்க்கோட்டில் இல்லை. குரல் நடிகர்கள் சேர்ந்து ஆடுவதை நேரலையில் காட்டிய கிரிட்டிகல் ரோல் 2015இல் தொடங்கியது. சிறுவர்கள் டி அண்ட் டி ஆடுவதைக் காட்டும் நெட்ஃபிளிக்ஸ் தொடரான ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் 2016இல். ஏழு மடங்கு வளர்ச்சி இந்த ஆண்டுகளில்தான் வந்தது. அதேசமயம் பார்ப்பதோடு நின்றுவிடும் கூட்டம் மிகப் பெரியது. கிரிட்டிகல் ரோலின் அனிமேஷனுக்கு 2019இல் ரசிகர்கள் 1.1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள், அதாவது ஆடுவதற்கில்லை, பார்ப்பதற்கு. நம் ஊரில் மட்டையே பிடிக்காமல் கிரிக்கெட் பேசுபவர்கள் இருப்பதைப்போல அங்கே பகடை உருட்டாமல் டி அண்ட் டி பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விற்க டி-ஷர்ட் இருக்கிறது.

கிக்ஸ்டார்ட்டரில் ஏன் இவ்வளவு பணம் கொட்டுகிறது?

ஒரு திட்டத்தின் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே வாருங்கள். முதல் படி பிடிஎஃப் மட்டும், 20 டாலர். அடுத்தது அச்சுநூலும் பிடிஎஃப்பும் சேர்ந்து 50. அதற்கடுத்தது தோல் போன்ற அட்டையில் சிறப்புப் பதிப்பு, கடையில் எப்போதும் கிடைக்காது என்ற குறிப்போடு. கடைசியில் எல்லாம் அடங்கிய பெட்டி: சீட்டுகள், பகடை, துணி வரைபடம், நடத்துபவருக்கான மறைப்புத் தட்டி. பெரும்பாலானவர்கள் நடுவில் நிற்கும் சிறப்புப் பதிப்பில் சறுக்கி விழுவார்கள். அப்படித்தான் அந்தப் பக்கமே அமைக்கப்படுகிறது.

2021இல் அவதார் அனிமேஷன் தொடரின் உலகத்தில் நடக்கும் அவதார் லெஜண்ட்ஸ் ஆட்டத்துக்கு 81,000 பேருக்கு மேல் சேர்ந்து 95 லட்சம் டாலர் கொடுத்தார்கள். தலைக்குச் சராசரி 115 டாலருக்கு மேல் வருகிறது. ஒரு விதிநூலின் விலையைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். 2024இல் பிராண்டன் சாண்டர்சனின் நாவல்களை வைத்து வந்த காஸ்மியர் ஆட்டம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் திரட்டி அதையும் தாண்டியது. இரண்டுமே ஏற்கெனவே ரசிகர்கள் உள்ள கதை உலகங்கள் என்பதைக் கவனியுங்கள். யாரும் கேள்விப்படாத உலகத்துக்கு இவ்வளவு வராது.

எதிர்முனையில் ஜைன் குவெஸ்ட் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டர் தொடங்கிய ஏற்பாடு: மெல்லிய, ஸ்டேப்ளர் அடித்த சிறு புத்தகங்கள், பத்துப் பன்னிரண்டு டாலர், ஓர் ஆள் எழுதியது. புதிய யோசனைகள் பலவும் இங்கிருந்துதான் வருகின்றன என்பது என் கருத்து.

தாமதம் சகஜம். ஒரு வருடம் என்றால் இரண்டு என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சில வராமலே போவதும் உண்டு. கொடுப்பது விலை அல்ல, நம்பிக்கை. பணம் திரும்ப வரும் என்ற உத்தரவாதம் தளத்திடம் இல்லை.

50 டாலர் புத்தகத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது?

கடை வழியாகப் போனால், பதிப்பகம் விநியோகஸ்தருக்குப் புத்தகத்தை அட்டை விலையில் சுமார் 40 சதவீதத்துக்குக் கொடுக்கும். ஆக 20 டாலர். விநியோகஸ்தர் ஒரு பங்கு வைத்துக் கடைக்கு அனுப்புவார். கடைக்காரரிடம் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், அதிலிருந்துதான் வாடகை, சம்பளம், மேசை நாற்காலி எல்லாம். பதிப்பகம் தன் 20 டாலரில் அச்சு, கப்பல் கூலி, ஓவியர், தொகுப்பாசிரியர், எழுத்தாளர் எல்லோரையும் பார்க்க வேண்டும். எழுத்தாளருக்குப் பெரும்பாலும் சொல்லுக்கு இத்தனை செண்ட் என்று ஒருமுறைக் கூலி. புத்தகம் எத்தனை விற்றாலும் அதற்கு மேல் கிடைப்பது அரிது.

அதே நூலின் பிடிஎஃப்பை டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் 20 டாலருக்குப் போட்டால் பதிப்பகத்துக்கு 65 முதல் 70 சதவீதம். அதாவது 13, 14 டாலர், அச்சுச் செலவு இல்லாமல். சிறு பதிப்பகங்கள் ஏன் பிடிஎஃப்பையும் கிக்ஸ்டார்ட்டரையும் கட்டிக்கொண்டு அழுகின்றன என்று இப்போது தெரிந்திருக்கும்.

பிடிஎஃப் சந்தையில் ஒரு நூல் எவ்வளவு விற்கும்?

டிரைவ்த்ரூஆர்பிஜி தன் நூல்களுக்கு உலோகப் பதக்கம் கொடுக்கிறது. 51 பிரதி விற்றால் செம்பு. 101க்கு வெள்ளி, 501க்குத் தங்கம், 1001க்குப் பிளாட்டினம். உச்சியில் 5001க்கு அடமன்டைன், அதுவே ஒரு கற்பனை உலோகம். செம்பின் வாசலே 51 என்பதிலிருந்து மற்றதை ஊகித்துக்கொள்ளுங்கள். அங்கே கிடக்கும் நூல்களில் பெரும்பாலானவை எந்த உலோகத்தையும் தொடுவதில்லை.

விசார்ட்ஸ் மட்டும் இந்தச் சந்தையைக் கண்டு பயப்படுகிறது. திருட்டுப் பிரதிகளைக் காரணம் காட்டி 2009இல் பிடிஎஃப் விற்பனையை அடியோடு நிறுத்தியது. பழைய பதிப்புகளை 2013இல் மீண்டும் விற்கத் தொடங்கியது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூல்களுக்கு அதிகாரபூர்வ பிடிஎஃப் கிடையாது. இணையம் முழுக்கத் திருட்டுப் பிரதி கிடைக்கிறது, காசு கொடுத்து வாங்க நினைப்பவருக்குத்தான் வழியில்லை.

எல்லா நாட்டிலும் டி அண்ட் டிதான் முதலிடமா?

இல்லை. ஜப்பானில் ராஜா, 1981இல் அமெரிக்காவில் பிறந்த கால் ஆஃப் கதுலுதான். ஆட்ட அமர்வுகளை அப்படியே எழுதிப் புத்தகமாக்கும் வழக்கமும், நிகோநிகோ தளத்துக் காணொளிகளும் அதை வளர்த்தன. தனிநபர்கள் எழுதும் ஒருநாள் ஆட்டக் கதைகளை இணையத்தில் சில நூறு யென்னுக்கு வாங்கி ஆடுவது அங்கே சகஜம். ஜெர்மனியில் 1984 முதல் தாஸ் ஷ்வார்ட்ஸே ஆவுகே. பிரேசிலில் டோர்மெண்டா. உள்ளூர் மொழியில் ஓர் ஆட்டம் சரியான நேரத்தில் வேர்விட்டால் அமெரிக்கப் பெயர் அதை அசைக்க முடிவதில்லை.

2025இன் அமெரிக்க வரிகள் விலையை ஏற்றினவா?

புத்தகங்களுக்கு நேரடியாக இல்லை. அச்சிட்ட நூல்கள் அந்த வரிகளிலிருந்து விலக்குப் பெற்றவை. பகடை, மினியேச்சர், பெட்டிகளுக்குத்தான் அடி. ஏப்ரலில் சீனப் பொருள்கள் மீதான வரி 145 சதவீதம் வரை போனபோது, பெட்டி வாக்களித்திருந்த கிக்ஸ்டார்ட்டர்காரர்கள் திண்டாடினார்கள். அதற்கு முன் ஜனவரியிலேயே டயமண்ட் என்ற பெரிய விநியோக நிறுவனம் திவால் பாதுகாப்புக்குப் போயிருந்தது. கடைகளுக்கு ஆர்பிஜி அனுப்பும் அலையன்ஸ் அதன் கிளை. அது வேறு கைக்கு மாறியது.

இந்தியாவிலிருந்து தொடங்குகிறேன். எதை வாங்கட்டும்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். 50 டாலர் என்றால் நமக்கு நான்காயிரம் ரூபாய்க்கு மேல். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் அனுப்பும் கூலியே பல நேரம் புத்தக விலையைத் தொடும். சட்டப்படி இலவசமாகவே நிறைய இருக்கிறது. டி அண்ட் டியின் திருத்திய விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2025 ஏப்ரல் முதல் கிரியேட்டிவ் காமன்ஸில் கிடைக்கிறது. பாத்ஃபைண்டர் விதிகள் முழுவதையும் ஆர்கைவ்ஸ் ஆஃப் நேதிஸ் தளத்தில் பைசோவின் அனுமதியோடு படிக்கலாம். கால் ஆஃப் கதுலுவுக்கு இலவச அறிமுக நூல் உண்டு, ஒரு முழுக் கதையோடு. இட்ச் தளத்தில் பல எழுத்தாளர்கள் காசில்லாதவர்களுக்கென்று சில பிரதிகளை ஒதுக்கி வைக்கிறார்கள். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

நாலைந்து முறை ஆடிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஒரே ஒரு விதிநூல் வாங்குங்கள். பிடிஎஃப் என்றால் அடிக்கடி புரட்டும் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டால் மேசைக்கு அதுவே வசதி. சாகச நூல்களை ஆடப்போகும் வாரத்துக்கு முன்னால் வாங்க வேண்டாம். பகடைக்குக் கைப்பேசி போதும். அப்புறம், நடத்துவது நீங்கள்தான் என்றால் முதல் நூலின் விலையை ஐந்தாகப் பிரித்து வாங்கிவிடுங்கள். ஆடத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் யாரும் தருவதில்லை.